முதுகு கொடுத்த பேட்டி

சவரியம்மாள் அன்றைக்கு முந்திரிக்கொட்டையை உடைக்கவில்லை, கொலை செய்தாள். கட்டையைத் தூக்கிக் கல்லின் மேல் அவள் போட்ட போட்டில் எதிர்வீட்டு ஓட்டின் மேலிருந்த காக்கை ஊரைக் காலி செய்துகொண்டு போனது. மகள் நித்யா மேரியோடு காலையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பதில் எல்லாம் கட்டைதான். "காபி இருக்காம்மா?" என்றால் ஒரு அடி. "துண்டு எங்க?" என்றால் இரண்டு அடி. டிவி என்ற சொல் வாயில் வந்துவிட்டால் தோல், பருப்பு, அடியில் கிடக்கும் கல் எல்லாம் சேர்ந்து மாவாகும். கொட்டை கொடுத்தனுப்பிய பண்ருட்டி வியாபாரி அந்த நேரத்தில் எட்டிப் பார்த்திருந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

நித்யா மேரி சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தொலைக்காட்சிச் செய்திப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். படிப்பின் கடைசியில் ஏதாவது ஒரு சேனலில் சும்மா வேலை பார்க்க வேண்டும் என்பது விதி. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை கேபிள் ஒயர் போகிற வீடுகளுக்கெல்லாம் சாயங்காலம் அரை மணி நேரம் செய்தி சொல்லும் வெள்ளாறு டிவியில் சேர்ந்தாள். கடலூர்ப் பக்கத்துச் செய்தி எல்லாம் அவள் தலையில். சேர்ந்த புதிதில் தெருவே குழாயடியில் கூடிக் கேட்டது.

"இன்டர்ன்னா இன்னாடி? பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?"

"கான்ட்ராக்டுக்கும் கீழ."

கான்ட்ராக்டுக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்பது அந்தத் தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆண்கள் எல்லாருக்கும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. சிப்காட்டை ஒட்டிய மாதா கோயில் தெருவில் கான்ட்ராக்டில் இல்லாத ஆண் என்றால் கோயிலில் சிலையாக நிற்கும் சூசையப்பர் ஒருவர்தான். அந்தத் தெருவுக்குக் கடிகாரம் தேவையில்லை. காலையில் அழுகின முட்டை வாடை, மத்தியானம் நகப்பூச்சு வாடை, சாயங்காலம் இரண்டும் கலியாணம் பண்ணிக்கொண்டு வரும். அங்கே பூக்கும் மல்லிகையை முகர்ந்து பார்த்தால் பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட தெருவில்தான் முந்தின நாள் மத்தியானம் அது நடந்தது. நித்யாவின் அப்பா மரியலூர்தும் பக்கத்து வீட்டுப் பக்கிரியும் ஒரே வேலைக் கும்பல். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தொட்டி கழுவுகிற வேலை. தொட்டிக்குள் இறங்கி அடிவண்டலைச் சுரண்டிக்கொண்டிருந்த பக்கிரி உள்ளேயே மயங்கி விழுந்தான். மரியலூர்துதான் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவனை இழுத்து மேலே போட்டார். இப்போது பக்கிரி கடலூர் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். பெண்டாட்டியைப் பார்த்து "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்கிறான்.

சாயங்காலமே கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்: குடித்துவிட்டு வந்தான், விழுந்தான். கும்பலை வேலைக்கு எடுக்கிற சுப்பிரமணியன் மேஸ்திரி தெருமுனையில் பைக்கை நிறுத்தி, வண்டியை விட்டு இறங்காமலே அறிவிப்புக் கொடுத்தார்.

"நாளைக்கு ஒரு பயலும் வேலைக்கு வர வேணாம். நாளான்னிக்குக் காலையில கேட்டுல நின்னு பேரு கூப்புடுவேன். வாய மூடிகிட்டு இருந்தவன் பேரு மட்டும் வரும்."

தெரு வாயை மூடிக்கொண்டது. சாப்பிடக்கூடத் திறக்க யோசித்தது.

எல்லாரும் மூடிய வாயைத் திறக்க வைப்பதுதான் நித்யா மேரியின் வேலை. விடிந்ததும் விடியாததுமாகச் செய்தி ஆசிரியர் அன்பரசு போனில் வந்தார்.

"ஏம்மா, உன் தெருவுல ஒருத்தன் விழுந்து கெடக்கறான். அதை நான் பேப்பர் பாத்துத் தெரிஞ்சிக்கணுமா? நீ அங்க இன்னா கோலம் போட்டுகிட்டு இருக்கியா?"

"யாரும் பேச மாட்டேங்கறாங்க சார்."

"தானா பேசறவனுக்கு எதுக்கும்மா மைக்கு? நான் இங்க ஆனித் தேருல மாட்டிகிட்டு முழிக்கறேன். எல்லாக் கேமராவும் தேருலதான். அந்தக் கலியமூர்த்தியத்தான் உனக்கு அனுப்பறேன். ரெண்டு பைட்டு வேணும். கம்பெனி ஆளு ஒருத்தன், கண்ணால பாத்தவன் ஒருத்தன். மத்தியானம் டேப்பு பஸ்ஸு ஏறிடணும். இல்லன்னா நீ சிதம்பரம் பக்கம் தலை வச்சிப் படுக்காத."

பைட் என்றால் டிவிக்காரர்கள் பாஷையில் மைக்குக்கு முன்னால் ஒருவர் பேசுகிற நாலு வாக்கியம். கண்ணால் பார்த்தவர் யார் என்று நித்யாவுக்குத் தெரியும். அவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சமையற்கட்டிலிருந்து கட்டைச் சத்தம் வந்தது.

கலியமூர்த்தி பிறவிக் கலியாண வீடியோக்காரர். கடலூர் செம்மண்டலத்தில் ஸ்டுடியோ. டிவி அவருக்கு முகூர்த்தம் இல்லாத நாள் பிழைப்பு. போன மாதம் ஒரு சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்களை "ஜோடி ஜோடியா வாங்க, சொந்தக்காரங்க முன்னாடி" என்று கூப்பிட்டு, இறந்தவரின் மைத்துனர்கள் கையால் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றைக்கும் வண்டியை விட்டு இறங்கும்போதே முணுமுணுத்தார்.

"சாயங்காலம் எனக்கு செம்மண்டலத்துல ரிசப்ஷன் இருக்கு. இழுத்தடிக்காத. யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை?"

"கலியாணம் இல்லண்ணே. ஆள் மயங்கி வுழுந்த கேஸு."

"அதான், யாருன்னு காட்டு."

முதலில் குழாயடியில் அருள்முருகன் கிடைத்தார். அதே கும்பல், பக்கிரிக்குக் கயிறு பிடித்தவர்களில் ஒருவர். மைக்கைப் பார்த்ததும் தலையில் இருந்த சோப்பை இன்னும் கொஞ்சம் நுரைக்க விட்டார்.

"மேரி, கண்ணெல்லாம் சோப்பு. நான் ஒண்ணத்தையும் பாக்கல."

"நேத்து பாத்ததைத்தான் கேக்கறேன் பெரியப்பா."

"நேத்தும் சோப்பு போட்டிருந்தேன்."

அடுத்த வீட்டு ராஜாமணி குடத்துத் தண்ணீரை வாசலுக்குத் தெளிப்பதுபோல் கேமராவுக்குத் தெளித்தாள். "உனுக்கு இன்னாடி, ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கிகிட்டு மெட்ராஸ் போயிடுவ. எங்க வீட்டு ஆம்பளைக்கு கேட்டுல பேரு வரலன்னா நீ வந்து சோறு போடுவியா? நல்லா வாய்ல வருது, போயிடு!" மூன்றாவது வீட்டில் கதவு சாத்தியது. நான்காவது வீட்டில் சாத்திய கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஐந்தாவது வீட்டு நாய்கூட, வழக்கமாக அவள் காலை நக்குகிற நாய், எழுந்து போய்ப் பின்பக்கம் படுத்துக்கொண்டது.

மேஸ்திரிக்கு மட்டும் எந்தத் தயக்கமும் இல்லை. தெருமுனை டீக்கடையில் அவர் பைட் கொடுப்பதற்கென்றே பிறந்தவர்போல உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, டீக்கடைக் கண்ணாடியில் தலை வாரினார்.

"மூஞ்சில வெளிச்சம் வுழுவுதா? சரி. பக்கிரி நல்ல பையன்தான். ஆனா பாருங்க, குடி. நான் எறங்காதடா எறங்காதடான்னேன். கேக்கல. போதையில தொட்டிக்குள்ள வுழுந்துட்டான். கம்பெனி மேல ஒரு தப்பும் கெடையாது."

"சூப்பர் சார். கொஞ்சம் சிரிங்க" என்றார் கலியமூர்த்தி. மேஸ்திரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் முத்தம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பக்கிரியின் பெண்டாட்டி. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரித் தரையில் கிடந்த சேலை, கையில் ஒயர்க்கூடை, கூடைக்குள் காலி பிளாஸ்க். 'குடி', 'போதை' இரண்டும் அவள் காதில் விழுந்துவிட்டன.

"ஏய் மேஸ்திரி! யாருடா குடிச்சான்? அல்சருன்னு மோருத் தண்ணியத் தவர ஒண்ணத்தையும் தொடாத ஆள்றா என் புருஷன்! கோயில் கூழு குடுத்தாக்கூட புளிச்சிருக்கும்னு மோந்து பாத்துட்டு வச்சிட்டு வருவாரு. அவரு குடிச்சத நீ ஊத்திக் குடுத்தியா?"

"இந்தாம்மா, மரியாதையாப் பேசு."

"மரியாதைய உன் வூட்டுல வச்சிட்டு வந்து கேளு!" அவள் நித்யா பக்கம் திரும்பினாள். மேஸ்திரிமேல் இருந்ததைவிட இங்கே கோபம் ஜாஸ்தி. "நீ இதத்தான் படம் புடிக்க வந்தியா? இன்னிக்கி சாயங்காலம் பெரிய டாக்டரு வராராம். குடிச்சிட்டு வுழுந்தான்னு அவரு சீட்டுல எழுதிட்டா, கம்பெனிக்காரன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். அந்த ஆளு நாளைக்கு எழுந்து உக்காந்தாலும் கைகாலு வெளங்காம கெடந்தாலும் நான் யாருகிட்டப் போயி நிப்பேன்? உங்கப்பன்தானடி எறங்கி இழுத்தாரு? அவரு வாயில இன்னா, கொழுக்கட்டையா வச்சிருக்காரு?"

"அத்தை, நான் அப்பாகிட்ட..."

"அத்தைன்னு கூப்புடாத!"

மேஸ்திரி டீயை உறிஞ்சிக்கொண்டே இந்தக் காட்சியை ரசித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மரியலூர்து அதே சுவரை அதே பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். சமையற்கட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாடைக்குப் பயந்து சிப்காட் வாடையே இரண்டடி தள்ளி நின்றது. நித்யா மேரி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"மேஸ்திரி பேசிட்டாருப்பா. மாமா குடிச்சிருந்தாருன்னு."

"பேசட்டும்."

"குடிச்சிருந்தாரா?"

சமையற்கட்டில் கட்டைச் சத்தம் நின்றுவிட்டது. சவரியம்மாள் மகளிடம் பேசவில்லை, கட்டையிடம் பேசினாள்: "பேசச் சொல்லு, நல்லாப் பேசச் சொல்லு. கேட்டுல பேரு வரலன்னா அரசாங்கம் குடுத்த கலர் டிவிய ஆளுக்கு ஒரு கடி கடிச்சித் தின்னலாம். இவ படிக்கற படிப்புக்கு வெஞ்சனமாவது ஆவும்."

"அம்மா, டாக்டர் இன்னிக்கு எழுதிட்டாருன்னா..."

"டாக்டரு எழுதறது அவுங்க வூட்டுக்கு. மேஸ்திரி எழுதறது நம்ம வூட்டுக்கு."

கலியமூர்த்தி வாசற்படியில் நின்று வாட்ச்சைப் பார்த்தார். அவருக்கு ரிசப்ஷன் கவலை. அந்தக் கவலையிலிருந்துதான் யோசனை பிறந்தது.

"அண்ணே, மூஞ்சியே வேணாம். முதுகக் காட்டிகிட்டுப் பேசுங்க. பெரிய சேனல்ல எல்லாம் மூஞ்சி மேல கட்டம் கட்டமா வுட்ருவாங்க. நம்ம கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டா கம்ப்யூட்டரே படுத்துக்கும். முதுகுன்னா கச்சிதம். எவன் கண்டுபுடிப்பான்?"

"சட்டைய வச்சிக் கண்டுபுடிப்பான்" என்றார் மரியலூர்து, சுவரைப் பார்த்தபடியே.

"கழட்டிடுங்க. எல்லா முதுகும் முதுகுதானே?"

கலியமூர்த்தி அந்தத் தெருக்காரர் இல்லை. இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நித்யா மேரி அந்தத் தெருக்காரிதான். ஆனால் பைட் கிடைக்கப்போகிறது என்ற பதற்றத்தில் அவளுக்கும் உறைக்கவில்லை.

மரியலூர்து அசையவில்லை. அப்போது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம் முத்தம்மாள் பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மோர் கடைகிற சத்தம் கேட்டது. மத்தின் சத்தத்துக்கு நடுவே அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். மேஸ்திரியை, கம்பெனியை, மரியலூர்தை, மரியலூர்து வீட்டுக் கூரையை, அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற எல்லாரையும். மரியலூர்து முழுசாகக் கேட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார்.

"கதவச் சாத்து."

மைக்கை அவள் அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். கேமரா அவருக்குப் பின்னால் நின்றது. அவர் மைக்கைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

"எறங்கறதுக்கு முன்னாடி அவன் மாஸ்க்கு கேட்டான். மாஸ்க்கு ஸ்டோர்ல இருக்கு, ஸ்டோர் சாவி சாப்புடப் போயிருக்குன்னாங்க. சும்மா எறங்குடா, அஞ்சு நிமிஷ வேலைன்னாங்க. எறங்கினான். நாங்க மேல நின்னுகிட்டு இருந்தோம். உள்ள சுரண்டற சத்தம் கேட்டுகிட்டே இருந்திச்சி. அப்புறம் கேக்கல. அவன் குடிக்கல. அந்தத் தொட்டிதான் அவனக் குடிச்சிடுச்சி."

"சூப்பர்ணே" என்றார் கலியமூர்த்தி, பழக்கதோஷத்தில்.

சிதம்பரம் பஸ் சிப்காட் நிறுத்தத்தில் நின்றபோது கண்டக்டர் டேப்பைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாங்க மாட்டேன். போன தபா ஒரு டேப்ப வாங்கி டிரைவரு முன்னாடி வச்சி, அது வெயில்ல அப்பளமாட்டம் வளைஞ்சி, உங்காளு பஸ் ஸ்டாண்டுல என்னைய இன்னா பேச்சு பேசினாரு தெரியுமா? எங்கப்பாகூட என்னைய அந்த வார்த்தை சொன்னதில்ல. வேணும்னா நீயே ஏறு."

ஏறினாள். தேர் பார்க்கப் போகிற ஜனம் முழுவதும் அந்த ஒரே பஸ்ஸில் இருந்தது. ஒரு கால் அவளுடையது. இன்னொரு காலின் மேல் யாரோ பலாப்பழத்தை வைத்துவிட்டு ஆலப்பாக்கம் வரை தூங்கினார்கள். சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் போக வழியில்லாமல் ஊர் முனையில் வண்டிகேட் நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் "மேல வீதியா? தேரு நகந்தாத்தான் நான் நகருவேன்" என்றார். நடந்தாள். நாலு வீதியிலும் மனிதத் தலை மேலேதான் நடக்க இடம் இருந்தது.

பாத்திரக்கடை மாடியில் இருந்த ஆபீஸில் அன்பரசு வியர்வையில் ஊறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா மகராணி. தேரே நிலைக்கு வந்துடும், நீ வர மாட்ட. குடு."

டேப்பைப் போட்டு ஓட்டினார். மரியலூர்தின் முதுகு திரையில் வந்தது. குரல் வந்தது. 'சுரண்டற சத்தம் கேட்டுகிட்டே இருந்திச்சி' என்ற இடத்தில் கேமரா மெதுவாக, மிக மெதுவாக நகர ஆரம்பித்தது. கலியமூர்த்தியின் கை அது. மணப்பெண் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கி, நெக்லஸில் போய் நின்று, கல்லுக்குக் கல் காட்டிப் பழகிய கை. இங்கே முகமும் இல்லை, நெக்லஸும் இல்லை. இருந்தது ஒரு தழும்பு. இடது தோள்பட்டைக்குக் கீழே, என்றைக்கோ ஆசிட் தெறித்து வெந்துபோன, இலங்கைப் படம் மாதிரியான தழும்பு. கேமரா அதில் போய் நின்று திரை முழுக்க இலங்கையைக் காட்டியது. யாழ்ப்பாணம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

நித்யா மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவுக்கு இருப்பது ஒரே குழாயடி. ஆண்கள் எல்லாரும் அங்கேதான் குளிக்கிறார்கள். அந்தத் தெருவில் ஒருவர் முகத்தை மறந்தாலும் மறப்பார்கள், முதுகை மறக்க மாட்டார்கள்.

"சார், அந்த ஜூமை எடுத்துடுங்க."

"எடுக்கறதா? வந்ததுலயே உருப்படியான விஷுவல் அது ஒண்ணுதான்."

"அது எங்க அப்பா சார்."

அன்பரசு நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். கீழே வீதியில் தேர் வடம் இழுக்கிறவர்களின் கூச்சல் ஏறி இறங்கியது. "அப்பாவா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? சரி, எடுத்துடறேன். கெளம்பு." அவள் படியில் இறங்கும்போது பின்னாலேயே கத்தினார்: "அடுத்த தபா ஆத்திர அவசரத்துக்குச் சொந்தக்காரன்கிட்ட போய் நிக்காத! எல்லாச் செய்தியும் உங்க வூட்டுல நடக்காது!"

அவர் எடுக்கத்தான் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது, மறுபடி உயிர் வந்தபோது செய்தி நேரம் ஆகிவிட்டது என்று பிறகு சொன்னார். இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தக் குணம் உண்டு.

திரும்பும் பஸ் அவளை இறக்கிவிட்டபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை. எல்லா வீட்டிலும் இலவச டிவி, எல்லா டிவியிலும் வெள்ளாறு. முதலில் மேஸ்திரி எல்லா வீட்டிலிருந்தும் சிரித்தார். பிறகு ஒரு தாமரை மலர்ந்தது. கலியாண வீடியோவில் மணமக்கள் வெளியே வருகிற அதே தாமரை, வெள்ளாறு டிவியிடம் இருந்தது அது ஒன்றுதான். இதழ் விரிந்து அதற்குள்ளிருந்து மரியலூர்தின் முதுகு வந்தது. 'எறங்கறதுக்கு முன்னாடி அவன் மாஸ்க்கு கேட்டான்' என்று ராஜாமணி வீட்டு ஜன்னல் சொன்னது. 'ஸ்டோர் சாவி சாப்புடப் போயிருக்கு' என்று அருள்முருகன் வீட்டுக் கதவு சொன்னது. தன் அப்பாவின் குரலுக்கு நடுவிலேயே அவள் வீட்டுக்கு நடந்தாள். 'அப்புறம் கேக்கல' என்று தெரு முழுவதும் ஒரே வாயால் சொன்னபோது, எல்லாத் திரையிலும் இலங்கை வந்து நின்றது.

அதற்குள் பைக் சத்தம் கேட்டது.

மேஸ்திரி இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கினார். "எவன்டா அது? வெளிய வாங்கடா எல்லாரும்! முதுகக் காட்டிகிட்டுப் பேசினவன் எவன்?"

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் புறப்பட்ட முத்தம்மாளும் கூடையோடு வாசலில் நின்றாள். கும்பல் ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அருள்முருகன்தான் முதலில் ஆரம்பித்தார்.

"நானில்ல மேஸ்திரி. வேணும்னா பாரு." சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். அவர் முதுகில் இருந்தது வேறு தழும்பு, நடுமுதுகில் வழிந்து இறங்கிய நீளத் தழும்பு.

"எம்புருஷனும் இல்ல" என்று ராஜாமணி தன் வீட்டுக்காரரைத் திருப்பி நிறுத்தி, பனியனை அவளே தூக்கிக் காட்டினாள். "பாத்துக்க! இவருக்குப் புள்ளி புள்ளியா இருக்கு. டிவியில வந்தது பெருசு."

"எனக்கு இடுப்புல."

"எனக்குக் கழுத்துல, இங்க."

தெருவிளக்குக்குக் கீழே மரியலூர்து தவிர கும்பல் முழுவதும் சட்டையில்லாமல் திரும்பி நின்றது. ஒவ்வொரு முதுகிலும் ஒரு தீவு, ஒரு ஆறு, ஒரு குட்டை. உலக மேப்பை வெட்டித் துண்டு துண்டாக ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பார்க்கப் பார்க்க அவருக்கே கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குழாயடியில் குளிக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த இலங்கை யாருடையது என்று தெரியும். காலையிலிருந்து நித்யா மேரியின் முகத்தில் கதவைச் சாத்திய அத்தனை பேருக்கும் தெரியும். 'என்னது இல்ல' என்று எல்லாரும் சொன்னார்கள். 'அவனுது' என்று ஒரு நாக்கும் சொல்லவில்லை.

மேஸ்திரி இடுப்பில் கையை வைத்தார். வெளியே வராத மரியலூர்தின் வாசற்பக்கம் பார்க்காமலே நிம்மதி வந்துவிட்டது. "அப்போ இங்க எவனும் இல்ல. பாண்டிச்சேரியிலருந்து எவனோ ஒரு கூத்தாடிய கூட்டியாந்து சட்டையக் கழட்டிப் பேச வச்சிருக்கா இந்தப் பொண்ணு. கம்பெனியிலயும் அப்டித்தான் சொல்லப் போறேன். டாக்டருகிட்டயும் சொல்லச் சொல்றேன். பொய்ப் பேட்டி! ஏம்மா, படிச்ச பொண்ணுதான நீ?"

நித்யா மேரிக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அப்பாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் பக்கிரி மாமா குடித்தவர் ஆவார், அவள் பொய்க்காரி ஆவாள்.

முத்தம்மாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "நல்லா இருக்குடி உங்க நாயம்! மூஞ்சி இல்லாம பேசினா எவன் நம்புவான்? டாக்டருகிட்டப் போயி, 'அய்யா, ஒரு முதுகு சொல்லிச்சி, எழுதிக்கங்க'ன்னு கேக்கட்டுமா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. மரியலூர்து வெளியே வந்தார். சட்டை போடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததில் ஒரு கன்னத்தில் பாயின் கோடு இன்னும் இருந்தது. நேராக மேஸ்திரிக்கு எதிரில் போய் நின்றார். திரும்பிக் காட்டவில்லை.

"கூத்தாடி இல்ல மேஸ்திரி. நான்தான்."

"லூர்து, யோசிச்சிப் பேசு. நான் இன்னும் ஒண்ணும் பாக்கல."

"இப்ப பாரு. அவன் குடிக்கல. மாஸ்க்கு கேட்டான். சாவி சாப்புடப் போயிருக்குன்னு சொன்னது நீ. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்றேன், கேட்டுக்க."

மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்தார். "நாளைக்கு கேட்டுப் பக்கம் வந்த..."

"வருவேன். என் பேரக் கூப்புட வேணாம். நீ கூப்புடற ஒவ்வொருத்தன்கிட்டயும் மாஸ்க்கு வாங்கிட்டியான்னு கேட்டுகிட்டு நிப்பேன். ரோடு கம்பெனிக்காரனுது இல்லியே."

மேஸ்திரி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இவன் சொல்றத வேற எவனாச்சும் பாத்தீங்களாடா?"

பார்த்தேன் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அருள்முருகன் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு, பட்டனைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார். மேஸ்திரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காறித் துப்பிவிட்டு வண்டியை உதைத்தார். அது நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது, அதுவரை அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

முத்தம்மாள் நன்றி சொல்லவில்லை. "இத மத்தியானமே சொல்றதுக்கு இன்னா கேடு? வாண்ணே. பெரிய டாக்டரு கெளம்பறதுக்குள்ள வந்து இந்த மூஞ்சியோட சொல்லு." அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ரோட்டுக்கு நடந்தாள். மரியலூர்து அப்படியே, வெற்றுடம்போடு, பின்னால் போனார்.

தெரு கலைந்தது. நித்யா மேரி வாசலிலேயே நின்றாள். சமையற்கட்டில் கட்டைச் சத்தம் இல்லை. சவரியம்மாள் வந்தாள். முந்திரிப்பால் பட்டுக் கறுத்த விரல்களைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டே மகளை ஏற இறங்கப் பார்த்தாள். இனிமேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்றுதான் தோன்றியது.

"அந்தக் கேமராக்காரன் எங்கடி?"

"செம்மண்டலத்துல. ரிசப்ஷன்ல இருக்காரும்மா."

"ஆசுபத்திரிக்குப் பக்கம்தான? போன் போட்டு வரச் சொல்லு. பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கயும் ஓடிட மாட்டாங்க." உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத ஒரு சட்டையைக் கொண்டுவந்து மகளின் மார்பில் எறிந்தாள். "ஈஸ்டருக்கு எடுத்தது. பஸ்ஸு வர்றதுக்குள்ள ஓடிப் போயிக் குடு. மேல் பட்டன் வரைக்கும் போடச் சொல்லு. வேலையும் போச்சி. மூஞ்சியாவது ஒழுங்கா தெரியட்டும்."